பெயருக்குப் பின்னால் வருவது

எங்கள் ஊர்க்காரர்கள் இருவர் உலகத்தில் எந்த மூலையில் சந்தித்தாலும், சலாம் சொன்ன வாய் மூடுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "நீங்க யார் வீடு?" சாபூனி வீடு, கல்லாஸ் வீடு, தர்வீஷ் வீடு என்று பதில் வந்ததும் கொள்ளுத்தாத்தா வரைக்கும் போய், ஏதாவது ஒரு கல்யாணத்தில் சம்பந்தியாகிவிட்டுத்தான் திரும்புவோம். பதில் சொல்லாமல் விடுவது மரியாதைக்கேடு. வேறு வீட்டைச் சொல்லிப் பொய் சொல்வது பெற்ற தகப்பனை இல்லை என்று சொல்வது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்களோ என்று சில நாள் தோன்றும்.

ஆன்தெப் நகரத்தில், எங்களைப் போன்ற சிரியாக்காரர்களுக்கென்று துருக்கி அரசு நடத்தும் சுகாதார நிலையம் ஒன்றில் நான் மொழிபெயர்ப்பாளர். ஆறாம் அறை. நோயாளி அரபியில் சொல்வதை டாக்டர் பெரிஹானுக்குத் துருக்கியில் சொல்ல வேண்டும், அவர் துருக்கியில் கேட்பதை நோயாளிக்கு அரபியில் சொல்ல வேண்டும். அது மனநல அறை. கதவில் எண் மட்டும்தான் இருக்கும். இருந்தாலும் எல்லோருக்கும் தெரியும். ஆறாம் அறைக்கு எதிரே உள்ள பெஞ்சில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். தடுப்பூசி பெஞ்சில் அடுத்தவர் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எண்ணைக் கூப்பிட்டதும் கழிப்பறைக்குப் போகிறவர்களைப் போல நழுவி உள்ளே வருவார்கள்.

டாக்டர் பெரிஹான் கறாரான பெண்மணி. நோயாளியின் பெயரைச் சத்தமாகக் கூப்பிடக் கூடாது. நான் என் வீட்டைச் சொல்லக் கூடாது, அவர்கள் வீட்டைக் கேட்கவும் கூடாது. இங்கே காதில் விழுந்தது இங்கேயே கிடக்க வேண்டும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. 'நான்' என்று பேச வேண்டும் என்பதுதான் கொடுமை. நோயாளி எனக்குத் தூக்கமில்லை என்றால் நானும் எனக்குத் தூக்கமில்லை என்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவருக்குத் தூக்கமில்லையாம் என்று சொன்னால் டாக்டரின் பேனா நின்றுவிடும். "மயாதா ஹனும், நீங்க இந்த ரூம்ல இல்ல. அவங்க மட்டும்தான் இருக்காங்க" என்பார். ஹனும் என்றால் துருக்கியில் அம்மணி. நாள் முழுக்க நான் சாக விரும்புகிறேன், நான் மனைவியை அடிக்கிறேன், என்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்குப் பசிக்கிறது என்று நினைத்தால் அதுகூட யார் சொன்னது என்று ஒரு நிமிடம் சந்தேகம் வரும்.

அவர் கேட்கும் கேள்விகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று நல்லபடியாகத்தான் தொடங்குவார். நாலு கேள்வி தாண்டுவதற்குள் படுக்கையறைக்குள் நுழைந்துவிடுவார். மீசை வைத்த ஆண்பிள்ளையிடம், முக்காடு போட்ட கைம்பெண் நான், அதைக் கேட்க வேண்டும். ஆரம்பத்தில், பெரியவரே மன்னிக்க வேண்டும், இது நான் கேட்பதில்லை, டாக்டர் கேட்பது, இல்லறத்தில் நிம்மதி எப்படி இருக்கிறது என்று சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். டாக்டர் சிரிக்காமல், "நான் மூணு வார்த்தைதான் கேட்டேன், நீங்க பிரசங்கம் பண்ணிட்டு வந்தீங்க" என்றார். அதற்குப் பிறகு சுவரில் இருக்கும் ரத்த அழுத்தச் சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்கப் பழகினேன். ஆண்களும் அந்தச் சுவரொட்டிக்கே பதில் சொன்னார்கள்.

நான் குடியிருக்கும் கட்டடத்தில், கீழ்த்தளத்தில், உம்மு உபைதா, அதாவது உபைதாவின் தாய், இருக்கிறாள். எங்கள் ஊர், எங்கள் சந்து. அங்கே அவள் மொட்டைமாடியும் என் மொட்டைமாடியும் ஒட்டியிருக்கும். துணி காயப்போடும்போது பேசிப் பேசியே எங்களுக்குப் பாதி ஆயுள் கழிந்தது. இங்கே ஓர் உணவகத்துக்குக் கிப்பே பிடித்துக் கொடுக்கிறாள். கோதுமை மாவைக் கிண்ணம்போல் குடைந்து இறைச்சியை அடைத்து மூடும் வேலை. சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது அவள் அடுக்களையில் உட்கார்ந்து இரண்டு கிப்பே தின்றுவிட்டுத்தான் மேலே ஏறுவேன். எனக்கு இந்த ஊரில் உறவு என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

அவள் ஒரே மகன் உபைதாவைக் காணவில்லை. எங்கள் ஊர் இடிந்த நாட்களில் வீட்டைவிட்டுப் போனவன் திரும்பவில்லை. அவனுக்குப் பிறவியிலேயே இடது புருவம் வெள்ளை. மாவு ஒட்டியிருக்கு, துடைடா என்று சந்தில் எல்லோரும் அவனைக் கேலி செய்வோம். அவனும் ஒவ்வொரு முறையும் துடைப்பதுபோல் பாவனை செய்வான்.

காணாமல்போனவர்கள் விஷயத்தில் எங்கள் நாக்குக்கு ஒரு சங்கடம் உண்டு. உயிரோடிருப்பவன் பெயரைச் சொன்னால் பின்னாலேயே 'அல்லாஹ் காப்பாத்தட்டும்' என்று வரும். செத்தவன் பெயரைச் சொன்னால் 'அல்லாஹ் கருணை காட்டட்டும்' என்று வரும். யோசித்துச் சொல்வதில்லை, தும்மலைப் போலத் தானாக வருவது. காணாமல்போனவனுக்கு எதைச் சொல்வது? மற்றத் தாய்மார்கள் மெல்ல மெல்ல இரண்டாவதற்கு மாறிவிட்டார்கள். உம்மு உபைதா மாறவில்லை. ஒரு தடவை விருந்துக்கு வந்த ஒருத்தி தெரியாமல் 'கருணை காட்டட்டும்' என்று சொல்லிவிட்டாள். உம்மு உபைதா அவள் கையிலிருந்த காபிக் கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் எண் முப்பத்தொன்று ஆறாம் அறைக்கு வர ஆரம்பித்தான். செருப்புத் தொழிற்சாலையில் பசை தடவும் வேலை. விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து மஞ்சளாக உரிந்துகொண்டிருக்கும். சின்ன வயது, ஆனால் கிழவனைப் போல நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். எல்லாவற்றுக்கும் ஆமாம், இல்லை, அல்லாஹ்வுக்கே புகழ் என்பதோடு சரி. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று டாக்டர் கேட்டபோது மட்டும் வேறு பதில் சொன்னான். "தினமும்" என்றான். நானும் துருக்கியில் தினமும் என்றேன். டாக்டர் அதற்குப் பிறகு அவனை வாரம் தவறாமல் வரச் சொன்னார்.

பல வாரம் கழித்து ஒரு நாள், டாக்டர் ஒன்றும் கேட்காமலிருக்கும்போதே, அவன் சொல்லத் தொடங்கினான். அவன் தரையைப் பார்த்துச் சொன்னான், நான் டாக்டரைப் பார்த்துச் சொன்னேன். நான் என் கூட்டாளியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவன் இடுப்புக்குக் கீழே சுவர் விழுந்து கிடந்தது. அவனுக்கு வலிக்கவில்லைபோல, சிரித்துக்கொண்டிருந்தான். என் முகமெல்லாம் மாவு ஒட்டியிருக்கிறது, துடைத்துக்கொள் என்று என்னைக் கேலி செய்தான். மறுபடியும் விமானச் சத்தம் கேட்டது. நான் கையை விட்டேன். நான் ஓடினேன். திரும்பி வந்து பார்த்தபோது அங்கே கட்டடமே இல்லை.

மாவு என்ற சொல்லைச் சொன்னதும் நான் டாக்டரை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினேன். அதற்குள் அவன் அடுத்ததைச் சொன்னான்.

"அவனுக்கு ஒரு புருவம் வெள்ளை. அன்னைக்குத் தூசியில ரெண்டும் வெள்ளையாயிடுச்சு. இப்பவும் கண்ண மூடினா எது எதுன்னு தெரியல. உபைதா, அல்லாஹ் அவனுக்குக் கருணை காட்டட்டும்."

டாக்டர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். என் வேலை அது, சொன்னேன். ஒரு புருவம் வெள்ளை என்பதையும் சொன்னேன், கருணை காட்டட்டும் என்பதையும் சொன்னேன். உம்மு உபைதா இத்தனை காலம் யார் வாயிலிருந்தும் வரவிடாத அந்தச் சொல்லை, அவள் மகனுக்காக, அவளுக்குப் புரியாத மொழியில் நான் சொல்லிவிட்டேன்.

அவன் போன பிறகு டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் சொன்ன உபைதாவின் தாய் என் கட்டடத்தில் இருக்கிறாள், மகன் வருவான் என்று காத்திருக்கிறாள், அவளுக்குச் சொல்ல வேண்டும் என்றேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "தினமும்னு அவன் சொன்னத எனக்குச் சொன்னது நீங்கதான். இங்க பேசினது வெளிய போச்சுன்னு தெரிஞ்சா அவன் திரும்ப வரமாட்டான். வரலேன்னா என்ன ஆகும்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல" என்றார். அவனிடமே கேட்டுப் பாருங்கள், அவனே வந்து தாயிடம் சொல்லட்டும் என்று கெஞ்சினேன். கேட்கிறேன், அவன் கொஞ்சம் நிலைக்கு வரட்டும் என்றார். என்னை மாற்றிவிடுங்கள் என்றேன். மாற்றுவதற்கு வேறு ஆள் இல்லை.

எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அவருக்கென்ன, சாயங்காலமானால் காரை எடுத்துக்கொண்டு நகரத்தின் அந்தப் பக்கம் போய்விடுவார். நான் ஏற வேண்டிய படிக்கட்டின் அடியில் உம்மு உபைதா உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கையை விட்டேன் என்று சொன்ன வாய் என்னுடையதும்தானே.

அதே சமயத்தில்தான் சிரியாவில் ஆட்சி விழுந்து சிறைகள் திறந்தன. எங்கள் தெருவில் எல்லோர் கையிலும் செல்பேசி. எல்லோர் செல்பேசியிலும் வெளியே வந்தவர்களின் படம். எலும்பும் தோலுமாக, சொந்தப் பெயர்கூட மறந்துபோய், வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் ஆண்கள். உம்மு உபைதா கிப்பே மாவு கையோடு அந்தப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒரு நாள் ஒருவனைக் கண்டுபிடித்துவிட்டாள். தலைநகர் திமிஷ்கில் ஒரு மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருக்கும், பேச்சு மறந்த ஒருவன். படம் மங்கல். புருவத்தில் வெளிச்சமா வெள்ளையா என்று சொல்ல முடியாது.

பெருநாள் முடிந்ததும் போகிறேன் என்றாள். திரும்பிப் போகிறேன் என்று இங்கே கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லை தாண்டினால் மறுபடி உள்ளே வர முடியாது. அவளுக்குச் சர்க்கரை, தினமும் ஊசி. அது இங்கே இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே அவளுக்கு வீடு இல்லை, வீடு இருந்த சந்தும் இல்லை. யாரோ ஒருவனைத் தேடி, செத்துப்போன மகனுக்காக, இந்தப் பொம்பளை போய்த் தெருவில் விழப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே அவள் அடுக்களையில் உட்கார்ந்து கிப்பே தின்றேன். தின்னாமலிருந்தால் ஏன் என்று கேட்பாள்.

பெருநாளுக்கு முன்னால் ஒரு சாயங்காலம், அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். போகவேண்டாம் என்று நான் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். யாரையாவது விட்டு முதலில் விசாரிப்போம் என்றேன். அவள் செல்பேசியை எடுத்து அந்த மங்கல் படத்தை என் மூக்குக்கு நேராக நீட்டி, பார், பார், புருவத்தைப் பார் என்றாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இது வலது புருவம் அக்கா. உபைதாவுக்கு, அல்லாஹ் அவனுக்குக் கருணை காட்டட்டும், இடது புருவம்தானே வெள்ள."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் செல்பேசியைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல அக்கா. வாய் தவறிடுச்சு."

"ஒன் வாய் தவறாது மயாதா. வாய வச்சுத்தான் நீ சோறு திங்கிறே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். யார் சொன்னது என்று கேட்டாள். அவளே, ஆறாம் அறையில் யாரோ சொல்லியிருக்கிறான், அப்படித்தானே என்றாள். "என்னால சொல்ல முடியாது அக்கா" என்றேன். அதுவே பதிலாகிவிட்டது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து போய்த் தட்டில் மிச்சமிருந்த மாவை எடுத்துக் கிப்பே பிடிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றும் விரிந்து விரிந்து இறைச்சி வெளியே வந்தது. நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் நான் நிலையத்துக்குப் போனபோது, ஆறாம் அறைக்கு எதிரே, ஒருவரும் உட்காராத அந்தப் பெஞ்சில் உம்மு உபைதா உட்கார்ந்திருந்தாள். மடியில் கிப்பே தட்டு, துணி போட்டு மூடியிருந்தது. கையில் சர்க்கரைப் பரிசோதனைக்கு வாங்கிய எண் சீட்டு. சீட்டு வைத்திருப்பவளைக் காவலாளி என்ன செய்ய முடியும்? பரிசோதித்துக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள்.

கதவுப் பக்கம் வரும் ஒவ்வொரு இளைஞனையும் நிறுத்தி, ஒரு கிப்பேயைக் கையில் திணித்து, "தம்பி, நீ யார் வீட்டுப் புள்ள?" என்று கேட்டாள். தின்பண்டம் கொடுக்கும் பெரிய மனுஷியிடம் எவன் பதில் சொல்லாமலிருப்பான்? சொன்னார்கள். அவர்கள் சொன்னது கூடத்தில் எல்லோர் காதிலும் விழுந்தது. தடுப்பூசி பெஞ்சிலிருந்த பெண்கள், அட, அந்த வீட்டுப் பிள்ளையா, இவனுக்கென்ன மனசில் கோளாறு என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எண்ணுக்குள் ஒளிந்திருந்தவர்களெல்லாம் பெயரும் வீடுமாக வெளியே வந்துவிட்டார்கள். இரண்டொரு நாளில் ஆறாம் அறைக்கு வர வேண்டியவர்கள் வாசல்வரை வந்து, பெஞ்சைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக ஆரம்பித்தார்கள்.

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அக்கா, வேணாம். இவங்கெல்லாம் நோயாளிங்க."

"நான் நோயாளி இல்லையா?" என்றாள்.

என் வாய் தவறியதை டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். முப்பத்தொன்றின் பெயரைச் சொன்னீர்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டவில்லை. முப்பத்தொன்று வரும் நாளில் வாசலிலேயே நின்று அவனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், நான் வேறு இடத்தில் பார்க்கிறேன் என்றார். நோயாளியின் தொலைபேசி எண் எனக்குத் தெரியக் கூடாது என்பது சட்டம். டாக்டர் கூப்பிட்டுப் பார்த்தார், ஆனால் அவன் பாதி நாள் செல்பேசியை அணைத்து வைத்திருப்பவன்.

அந்த நாளில் நான் காலையிலிருந்தே வாசலில் நின்றேன். மழை தூறியது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வரும் ஒவ்வொருவன் கையிலும் அந்த மஞ்சள் விரலைத் தேடினேன். நேரம் தாண்டியும் அவன் வரவில்லை. நல்லது, வராமலே போகட்டும் என்று நினைத்தேன். உடனே, வராமல் போனால் என்ன அர்த்தம் என்பது நினைவுக்கு வந்தது. உள்ளே ஓடினேன்.

மழைக்காகத் தடுப்பூசிப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த வழியாக வந்துவிட்டான். உம்மு உபைதாவின் பக்கத்தில், கையில் கிப்பேயோடு உட்கார்ந்திருந்தான். கேள்வி கேட்டாகிவிட்டது என்று அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

அவன் பொய் சொல்லியிருக்கலாம். வேறு ஊரைச் சொல்லி ஹமாக்காரன் என்றிருக்கலாம், ஹோம்ஸ்காரன் என்று சொல்லியிருக்கலாம். எங்களில் எவனுக்கும் அந்த நாக்கு கிடையாது.

"கல்லாஸ் வீடும்மா" என்றான்.

"எந்தக் கல்லாஸ்? சுண்ணாம்புச் சூளைக் கல்லாஸா? நீ நவாரா?" அவள் அவன் தாடையைப் பிடித்து முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினாள். "எம் புள்ளையோட பள்ளிக்கூடம் போன நவாராடா நீ? என்னமா எளச்சுட்டே. அவன எங்கடா விட்டுட்டு வந்தே?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். கூடவே சுற்றுகிற இருவரில் ஒருவன் மட்டும் வந்தால் எந்தத் தாயும் கேட்பது அது. அவன் கையிலிருந்த கிப்பே நசுங்கி இறைச்சி அவன் மடியில் உதிர்ந்தது. 

டாக்டர் பெரிஹான் கதவைத் திறந்தார். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் நேராக அவனிடம் வந்து குனிந்து பேசினார். அதை நான் அவன் காதோடு அரபியில் சொன்னேன்: பின்கதவு இருக்கிறது, நீ இப்போதே போய்விடலாம், இவருக்கு எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை, உனக்கு எது வேண்டும்? அவன் தன் மடியில் உதிர்ந்ததைக் கையில் கூட்டி எடுத்தான்.

"உள்ள வரட்டும்" என்றான்.

அறைக்குள் நாங்கள் நான்கு பேர். அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான். உம்மு உபைதா எதிரே உட்கார்ந்தாள். அவன் இரண்டு முறை தொடங்கினான், இரண்டு முறையும் முதல் சொல்லோடு நின்றான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நீங்க சொல்லுங்கக்கா. அன்னைக்கு டாக்டருக்குச் சொன்னீங்கல்ல, அது மாதிரி."

"நீ சொல்றதத்தான் நான் சொல்ல முடியும் தம்பி."

"நான்தான் ஏற்கெனவே சொல்லிட்டேனே."

உம்மு உபைதாவைப் பார்த்து, எங்கள் ஊர் அரபியில் சொன்னேன். "நான் அவன் கையைப் புடிச்சிட்டிருந்தேன்" என்றேன். துருக்கியில் சொல்லும்போது அது வேலை. என் சொந்த மொழியில் சொல்லும்போது, நானே அந்த இடிபாட்டில் மண்டியிட்டிருந்தேன். சுவர் விழுந்ததைச் சொன்னேன். விமானச் சத்தத்தைச் சொன்னேன். "நான் கையை விட்டுட்டேன். நான் ஓடிட்டேன். திரும்பி வந்தப்ப அங்க ஒண்ணும் இல்ல."

உம்மு உபைதாவின் கை என் கன்னத்தில் அறைந்தது. நல்ல கனமான கை அவளுக்கு, கிப்பே பிடித்துப் பழகிய கை. டாக்டர் எழுந்துவிட்டார். நான் வேண்டாம் என்று கைகாட்டினேன்.

"எங்கிட்ட ஒக்காந்து என் கையால தின்னியே" என்றாள் உம்மு உபைதா. "தெரிஞ்சுக்கிட்டே தின்னியே."

 தின்றது உண்மை. அவள் அதற்குமேல் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்து நவாரின் பக்கம் போட்டுக்கொண்டாள்.

"அழுதானா?"

"இல்லம்மா. சிரிச்சான். என் மூஞ்சியில மாவுன்னு சொல்லிச் சிரிச்சான்."

"அது நாங்க அவனச் சொல்றது" என்றாள். பிறகு அவன் கைகளைப் பார்த்தாள். "எந்தக் கையி?"

அவன் வலது கையை நீட்டினான். அவள் அதைத் தன் மடியில் மல்லாக்க வைத்து, காய்ந்த பசையை நகத்தால் சுரண்டி எடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு விரலாக எடுத்தாள். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று தெரிந்தது. கடைசி விரலை முடித்தபோது அவள் மெதுவாக, தனக்கே சொல்வதுபோல், "உபைதா, அல்லாஹ் அவனுக்குக் கருணை காட்டட்டும்" என்றாள்.

அந்த அறையில் பேசியதை நான் துருக்கியில் சொல்லாமல் விட்டது அந்த ஒரு நாள்தான். டாக்டரும் கேட்கவில்லை.

உம்மு உபைதா எல்லை தாண்டிப் போகவில்லை. ஆறாம் அறைக்கு எதிரே உள்ள பெஞ்சு மறுபடி காலியாகக் கிடக்கிறது, ஓடிப்போனவர்களில் சிலர் திரும்ப வந்திருக்கிறார்கள், சிலர் வரவில்லை. நவார் தவறாமல் வருகிறான். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று டாக்டர் கேட்டால் இப்போது யோசித்துவிட்டு, சில நாள் என்கிறான். நான் செய்தது சரிதான் என்று டாக்டர் பெரிஹான் இரண்டொரு முறை சொன்னார். சரியாகத்தான் இருக்கும். வாய் தவறியதைச் சொல்கிறாரா, மூடிக்கொண்டிருந்ததைச் சொல்கிறாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் நவார் எங்கள் கட்டடத்துக்கு வருவான். கீழ்த்தளத்திலிருந்து இறைச்சி வதங்கும் வாசனை என் வாசல்வரை வரும். நான் கதவைச் சாத்திக்கொள்வேன். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் உம்மு உபைதா சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவாள்.

போன வாரம் ரொட்டிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தாள். நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியாது. யாரோ ஊர்க்காரி அவளிடம் மகனைப் பற்றி விசாரித்தாள். உபைதா, அல்லாஹ் அவனுக்குக் கருணை காட்டட்டும், போய்விட்டான் என்றாள். கூட இருந்தது நவார், அல்லாஹ் அவனைக் காப்பாற்றட்டும் என்றாள். உங்களுக்கு யார் வந்து சொன்னது என்று அந்தப் பெண் கேட்டாள்.

"மயாதா" என்றாள் உம்மு உபைதா. என் பெயருக்குப் பின்னால் ஏதாவது வரும் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.